பெற்ற வயிறு எரிவதற்கு எந்த மாத்திரை?

“தோட்டத்து ஆளுங்களுக்குத்தான் சிங்களம் நல்லா தெரியுமே! பிறகென்ன?”

பதுளைத் தேயிலைத் தோட்டங்களில் தமிழில் உளவளத்துணை வேண்டும் என்று யாராவது வாயெடுத்தால் முதலில் வந்து விழும் வசனம் இதுதான். சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். அலுவலகங்களில் கோப்பு பார்ப்பவர்கள், கிளினிக்கில் நேரம் போதாமல் ஓடுபவர்கள், தோட்டத்தைவிட்டு வெளியேறிப் படித்து முன்னுக்கு வந்த நம்மவர்கள் சிலரும்கூட இப்படிச் சொல்கிறார்கள். அவர்கள் காணும் காட்சியும் பொய்யில்லை. ஸ்பிரிங்வெளியில் பஸ் ஏறும் பெண், கண்டக்டரிடம் சிங்களத்தில் மிச்சக் காசு கேட்கிறாள். பதுளைக் கடைத்தெருவில் சிங்களத்தில் பேரம் பேசுகிறாள். அப்படியானால் டொக்டரிடமும் சிங்களத்திலேயே பேசிவிட்டுப் போகட்டுமே என்கிறது வாதம்.

இந்த வசனத்தைக் கொஞ்சம் மறுத்தால் அடுத்த வாதம் வரும்; அதை மறுத்தால் இன்னொன்று. எல்லாவற்றையும் வரிசையாகவே எடுத்துப் பார்ப்போம்.

வாதம் 1: சிங்களம் தெரிந்தவர்களுக்குத் தமிழில் எதற்கு?

மிச்சக் காசு கேட்கும் மொழி வேறு. மகனைப் பறிகொடுத்ததைச் சொல்லும் மொழி வேறு. கை முறிந்தால் எக்ஸ்ரே காட்டிக்கொடுக்கும். மன நோவுக்கு எக்ஸ்ரே கிடையாது. வந்தவர் சொல்வதுதான் பரிசோதனை, அதைக் காதுகொடுத்துக் கேட்டுத் திருப்பிப் பேசுவதுதான் வைத்தியத்தில் பெரும்பகுதி.

கொழுந்து பறிக்கும் பெண் ‘மனச்சோர்வு’ என்று சொல்லமாட்டாள். “ஒரே யோசனையா இருக்கு” என்பாள். “நெஞ்சு அடைக்குது”, “கைகாலெல்லாம் ஓஞ்சு போச்சு” என்பாள். பிள்ளையை இழந்தவள் “பெத்த வயிறு எரியுது” என்பாள். இதையே தனக்குத் தெரிந்த கடைத்தெருச் சிங்களத்தில் ‘வயிறு எரிகிறது’ என்று சொன்னால், கெஸ்ட்ரைட்டிஸ் மாத்திரையோடு வீடு திரும்ப வேண்டியதுதான். சிங்களத்தைக் குறை சொல்லவில்லை. துக்கத்தில் வயிறும் நெஞ்சும் பற்றியெரிவதாகச் சொல்லும் வழக்கு சிங்களத்திலும் உண்டு. தாய் மடியில் அந்த மொழியைக் கற்றவளுக்கு அது தானாக வாயில் வரும். பஸ்ஸிலும் கடையிலும் கற்றவளுக்கு வராது.

இதை நாட்டின் மருத்துவ உலகம் அறியாததல்ல. மனச்சோர்வைக் கண்டறியும் ஆங்கிலக் கேள்விப் பட்டியல்களை மொழிபெயர்த்தால் போதாது என்று கண்ட பேராதனைப் பல்கலைக்கழக மருத்துவர்கள், உள்ளூர் மக்களின் பேச்சு வழக்குக்கு ஏற்ற அளவுகோல் ஒன்றை உருவாக்கி 2012 இல் வெளியிட்டார்கள். சிங்களம் பேசுபவரின் துயரத்துக்குச் சிங்கள வழக்கு வேண்டும் என்பது நியாயம் என்றால், அந்த நியாயம் நமுனுகுலைத் தோட்டங்களின் மலைச்சரிவு வரை வந்து சேரவேண்டும்.

வாதம் 2: தெரியாதவர்களுக்கு மொழிபெயர்க்க ஆளிருக்கிறதே?

யார் அந்த ஆள்? பெரும்பாலும் அந்தப் பக்கமாகப் போகும் சிற்றூழியர், பக்கத்துக் கட்டில்காரர், கூடவந்த கணவன், அல்லது எட்டாம் வகுப்பு படிக்கும் மகள். கணவன் அடிப்பதைக் கணவனே மொழிபெயர்க்க வேண்டும். ‘உயிரோட இருக்கவே பிடிக்கல’ என்று தாய் சொல்வதை அவள் பெற்ற பிள்ளையே டொக்டருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். அந்தத் தாய் என்ன சொல்வாள்? “ஒண்ணுமில்ல, தலைவலிதான்” என்பாள்.

நல்லெண்ணத்தோடு செய்யும் மொழிபெயர்ப்பே எவ்வளவு பிசகும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் குழந்தை மருத்துவச் சந்திப்புகள் 13 ஐ ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார்கள். முடிவு 2003 இல் வெளியானது. மொழிபெயர்ப்புப் பிழைகள் மட்டும் 396. சந்திப்பு ஒன்றுக்குச் சராசரி 31. அவற்றில் 63 சதவீதம் சிகிச்சையைப் பாதிக்கக்கூடியவை. காய்ச்சலுக்கும் காது வலிக்கும் வந்த இடத்தில் இந்த நிலை. வெட்கமும் பயமும் தொண்டையை அடைக்கும் பேச்சில் எப்படியிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

வாதம் 3: சரி, யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ ஒரு தமிழரைப் போட்டால் போகிறது.

இதில் பாதி சரி. போரின் நடுவே தமிழில் உளவியலை வளர்த்தவர்கள் வடக்கில்தான் இருந்தார்கள். மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் அவர் சகாக்களும் யாழ்ப்பாணத்தில் செய்த வேலையும், அங்கே ‘சாந்திகம்’ நிறுவனம் பயிற்றுவித்த உளவளத்துணையாளர்களும் நமக்குக் கிடைத்த முதுசொம். ஆனால் ‘தமிழ்’ என்ற ஒரே பெட்டிக்குள் எல்லாரையும் போட்டுவிட முடியாது.

“நேத்தும் அரைப்பேர்தான் போட்டாங்க” என்று ஒரு பெண் அழுகிறாள். இதன் பொருள் என்ன? நாள் முழுக்க மலையில் நின்றும், கிலோ போதவில்லை என்று அரை நாள் சம்பளம்தான் எழுதப்பட்டது. தோட்டத்தில் ஒரு நாள் கூலிக்கே ‘பேர்’ என்றுதான் பெயர். பேர் பாதியானால் அடுப்பும் பாதி, வீட்டில் அவள் மதிப்பும் பாதி. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டு, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா, செடி வெட்டும் கவ்வாத்து என்ற சொற்களுக்குப் பின்னால் ஒரு முழு வாழ்க்கை இருக்கிறது. அதை ஒவ்வொரு தடவையும் விளக்கிக்கொண்டிருந்தால் அழுவதற்கு நேரமிருக்காது. வெளியூர்த் தமிழர் இதைக் கற்றுக்கொள்ள முடியும். கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது என்பதை முதலில் ஏற்கவேண்டும். தோட்டத்துப் பேச்சைக் கேட்டு இலேசாக உதடு சுழிக்கும் தமிழரைவிட, அக்கறையோடு கேட்கும் சிங்களத் தாதி மேல்.

வாதம் 4: வைத்தாலும் வரமாட்டார்கள். அவர்களுக்குக் கோயிலும் கோடாங்கியும் போதும்.

ஏன் வருவதில்லை என்று யாரும் கேட்டதுண்டா? கிளினிக் இருப்பது வேலை நாளில். போனால் அன்றைய பேர் போச்சு, பஸ் காசும் போச்சு. போனது தெரிந்தால், “இவளை அங்கொடைக்குத்தான் அனுப்பணும்” என்று வரிசை வீடுகளான லயமே சிரிக்கும். மனநல மருத்துவமனை இருப்பதாலேயே அங்கொடை என்ற ஊர்ப்பெயர் வசையாகிப்போன நாடு இது. சரி, உளவளத்துணையாளரே லயத்துக்கு வரட்டும் என்றால், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் மாமியார் காதுக்கு எட்டாமல் எதைப் பேசுவது? ஒரு வீட்டில் விட்ட பெருமூச்சு மூன்று வீடு தள்ளிக் கேட்கும். அது கணக்கப்பிள்ளை காதுக்குப் போகாது என்பதற்கு யார் உத்தரவாதம்? ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் இல்லாத பிள்ளைக் காம்பராவில் அல்லது கோயில் மண்டபத்தின் ஓரத்தில் இரண்டு கதிரைகளைப் போட்டுப் பாருங்கள். வருவார்களா, மாட்டார்களா என்பதை அதன் பிறகு பேசலாம்.

கோயில் விஷயத்துக்கு வருவோம். மாசி மாதம் காமன் கூத்தில் மன்மதன் எரிந்து சாம்பலாகிறான். ரதி ஊர் நடுவே புரண்டு அழுகிறாள். அந்த இரவில் தங்கள் சொந்தச் சாவுகளுக்காக அழுபவர்களும் கூட்டத்தில் இருப்பார்கள். துக்கத்தை ஊரோடு சேர்ந்து சுமக்கும் வழி இந்த மக்களிடம் முன்பே இருக்கிறது. கோயிலால் பயனுண்டா என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசுவாமி கோயிலில் தங்கிய 31 மனநோயாளரைப் பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் கவனித்தார்கள். மருந்தில்லாமலே நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்ததாக 2002 இல் எழுதினார்கள். அன்போடு இடம்கொடுத்து, யாரையும் ஒதுக்காமல் வைத்திருந்ததுதான் அங்கே நடந்த வைத்தியம். அதே தமிழ்நாட்டில், 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி தர்காவை அண்டிய காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள். ஆகவே கோயில் போதும் என்று கைகழுவவும் முடியாது, மூடநம்பிக்கை என்று தள்ளவும் முடியாது. கோடாங்கியிடம் போய்வந்ததைத் திட்டு வாங்காமல் சொல்லக்கூடிய இடம் ஒன்று வேண்டும்.

கோயிலோ கிளினிக்கோ தனியே தீர்க்க முடியாத துக்கங்களும் உண்டு. 2014 ஒக்டோபர் 29 காலையில் இதே பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பலருடைய உடல் கிடைக்கவே இல்லை. உடல் கிடைக்காதவருக்குக் கருமாதி எப்படிச் செய்வது, எந்த நாளைத் திதியாக வைப்பது, காத்திருக்கும் மனைவி தாலியை என்ன செய்வது என்ற கேள்விகளுக்கு எந்த ஆங்கிலக் கைநூலிலும் பதில் இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மலைச்சரிவுகள் மறுபடி இறங்கியபோது, இந்தக் கேள்விகளும் மறுபடி வந்தன.

வாதம் 5: இவர்களுடைய நோய் வறுமை. சம்பளத்தைக் கூட்டினால் எல்லாம் சரியாகும்.

எல்லா வாதங்களிலும் வலுவானது இதுதான். சம்பளமும் காணியும் வீடும் இல்லாமல் மனதை மட்டும் தேற்றப் பார்ப்பது ஏமாற்று. நிலைமையை மாற்றினால் உயிர் பிழைக்கும் என்பதற்கு இந்த நாடே சாட்சி. 1995 வாக்கில் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சத்துக்கு 47 வரை போனது. கொடிய பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த பின் பத்தே ஆண்டுகளில் அது பாதியானது. மேடைப் பேச்சுக்கு இறங்காத வீதம் சட்டத்துக்கு இறங்கியது.

ஆனால் பிழைத்தவர்கள் எங்கே போனார்கள்? வார்ட்டில் கண் விழித்தார்கள். மரணம் குறைந்ததே தவிர, அந்த விளிம்பு வரை போவோர் தொகை அதே அளவு குறையவில்லை. கண் விழித்தவருடைய கட்டிலருகே அமர்ந்து, “என்னம்மா நடந்துச்சு?” என்று கேட்பது யார், எந்த மொழியில் என்பதுதான் நம் கேள்வி.

மேலும், இந்த மக்களின் காயம் எல்லாம் கூலிக் காயம் அல்ல. 1948 இல் பிரஜாவுரிமை பறிபோனது. 1964 ஒக்டோபர் 30 அன்று சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்குபிரித்தது. அண்ணன் தலைமன்னாரில் கப்பலேற, தங்கை தோட்டத்திலேயே நின்றாள். 1983 ஜூலை இனக்கலவரத்தில் பதுளை நகரம் எரிந்தது. அப்போது சிங்களத்தில் பேசத் தெரிந்திருந்தது உயிர் தப்ப உதவியது. உயிர் தப்பப் பேசிய மொழியிலேயே மனம் திறந்து பேசு என்று ஒரு கிழவியிடம் கேட்பது இலேசான காரியமா?

வாதம் 6: எல்லாம் சரி, ஆளுக்கு எங்கே போவது?

ஆள் பஞ்சம் உண்மை. ஆனால் மனநல மருத்துவர் வந்தால்தான் எதுவும் நடக்கும் என்பது உண்மையல்ல. ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபண்டா என்ற மனநல மருத்துவர், 2006 இல் ஹராரேயின் ம்பாரே பகுதியில் 14 பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்து, கிளினிக் முற்றத்தில் ஒரு வாங்கில் உட்காரவைத்தார். அங்கே மக்கள் மனச்சோர்வு என்று சொல்வதில்லை, ‘குஃபுங்கிசிசா’ என்பார்கள். அளவுக்கு மீறி யோசிப்பது என்று பொருள். நம் ‘ஒரே யோசனையா இருக்கு’ என்பதேதான்! 573 பேரைக் கொண்டு செய்த ஆய்வின் முடிவு 2016 இல் வெளிவந்தது: ஆறு மாதத்தில், பாட்டிமாரோடு பேசியவர்களின் நோய்க்குறிகள், வழமையான கவனிப்புப் பெற்றவர்களுடையதைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தன. அப்படிப்பட்ட பாட்டிமார் எல்லாத் தோட்டங்களிலும் இருக்கிறார்கள். ஏ.எல். முடித்துவிட்டு வேலை தேடும் பெண் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பயிற்சியும், மேலே கேட்டுச் சொல்ல ஒரு மருத்துவரும், கையில் ஒரு சம்பளமும் கொடுத்தால் ஆள் பஞ்சம் பாதி தீரும்.

எதிர்த்தரப்புக்கு ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். எல்லாரையும் தமிழில்தான் பேசவைக்க வேண்டும் என்பதில்லை. கொழும்புக் கடையில் பத்து வருஷம் நின்ற இளைஞனுக்குச் சிங்களம் இலகுவாக இருக்கலாம். சில வெட்கங்களைச் சொந்த மொழியில் சொல்ல நாக்கு எழாது. வேற்று மொழியில் சொன்னால் யாருக்கோ நடந்ததுபோல் சொல்லிவிடலாம். சிங்களத் தாய்க்கும் தமிழ்த் தகப்பனுக்கும் பிறந்தவர் இரண்டையும் கலந்துதான் அழுவார். அதனால்தான் இருமொழி உளவளத்துணை என்கிறோம். எந்த மொழி என்பதை வந்தவர் முடிவு செய்யட்டும். இது புதிய உரிமையும் அல்ல. 1987 இலிருந்து தமிழும் அரச கரும மொழி. 1999 இல் பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலாளர் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டன. பிறப்புச் சான்றிதழ் இரண்டு மொழியில் கிடைக்க வேண்டும் என்றால் ஆறுதலும் கிடைக்கலாம்.

தொடங்குவதற்குப் பெரிய செலவில்லை. கிளினிக் பதிவுப் புத்தகத்தில் பெயர், வயது, விலாசம் என்று கோடுகள் இருக்கின்றன. பக்கத்தில் இன்னொரு கோடு கீறி, ‘எந்த மொழியில் பேச விருப்பம்?’ என்று கேட்டு எழுதட்டும். ஒரு வருஷம் கழித்து அந்தக் கோட்டைக் கூட்டிப் பார்ப்போம். தோட்டத்து ஆட்களுக்குச் சிங்களமே போதும் என்பது சரியா பிழையா என்று அப்போது அந்தப் புத்தகமே சொல்லும்.