ஓ என்னும் ஓரெழுத்து

சென்ற ஆண்டு மாசி மாதத்தில், காரமடைத் தேர்த்திருவிழாவுக்கு வந்த கூட்டம் கலைந்துகொண்டிருந்த ஒரு மாலை வேளையில், நம் பங்கைச் சேர்ந்த பெண் ஒருத்தி தன் தந்தையோடு நம்மைக் காண வந்தாள். செவிலியர் படிப்பை முடித்துக் கோவையில் சில ஆண்டுகள் பணியாற்றியவள். அயர்லாந்து நாட்டு மருத்துவமனை ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. தந்தையார் கறிவேப்பிலைத் தோட்டத்தில் பாடுபடுகிறவர். ஞானஸ்நானப் பதிவேட்டில் மகளின் பெயர் எவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதே அவர்களுடைய வேண்டுகோள்.

காரியம் சிறியதுதான், ஆயினும் அதற்குள் ஒரு முடிச்சு இருந்தது. பள்ளிச் சான்றிதழில் தந்தையின் பெயர் ஒற்றை எழுத்தாய்ச் சுருங்கி முன்னே நின்றது. பாஸ்போர்ட்டிலோ அவள் பெயர் மட்டுமே இருந்தது. குடும்பப் பெயர் என்ற கட்டம் காலி. அந்நாட்டு விண்ணப்பத்தில் அக்கட்டத்தை நிரப்பியே ஆகவேண்டும். பயண ஏற்பாடு செய்யும் தரகர் ஒருவர், "உங்க ஜாதிப் பேரைப் போட்டுருங்க, வடக்கே எல்லாரும் அப்படித்தான் போடறாங்க" என்று சொல்லியிருக்கிறார். தந்தையின் மனம் அதற்கு ஒப்பவில்லை.

"எங்களுக்குக் குடும்பப் பேருன்னு ஒண்ணு கிடையாதுங்களே, சாமி. என்னத்தை எழுதறதுங்க?" என்றார்.

மகளோ வேறொன்றைக் கேட்டாள். வேலைக் கடிதத்தில் கையொப்பமிட்டிருந்த அம்மையாரின் பெயர் ஓ சல்லிவன். "முன்னால அந்த 'ஓ' எதுக்குங்க, சாமி?" என்றாள். இரண்டு கேள்விகளும் தொடர்புடையவை என்று அப்போது நமக்குத் தோன்றவில்லை.

சல்லிவன் என்ற பெயர் நம் பகுதிக்குப் புதிதன்று. காரமடையிலிருந்து பார்த்தால் தெரிகிற நீலமலையின்மீது 1819 ஆம் ஆண்டு ஜனவரியில் ஏறிச் சென்றவர் அன்றைய கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன். சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்கருகே உள்ள திம்பட்டி வரை மலைப்பாதை வெட்டுவித்தவரும், உதகையில் கல் பங்களாவைக் கட்டி ஏரியை உண்டாக்கியவரும் அவரே. அவருடைய மனைவியின் கல்லறை உதகை புனித ஸ்தேவான் ஆலய வளாகத்தில் இருக்கிறது. அவர் பிறந்தது லண்டன் மாநகரில். பெயர் மட்டும் அயர்லாந்தின் மண்ணில் முளைத்தது.

அயர்லாந்தின் பழைய மொழியில் அப்பெயர் 'ஓ சூலவான்' என ஒலிக்கும். 'சூல்' என்றால் கண். பெயரின் பிற்பகுதிக்குக் கருமை என்று பொருள் கொண்டு, 'கருவிழியான்' என்பார் ஒரு சாரார். ஒற்றைக்கண்ணன் என்பார் வேறு சிலர். எப்படியாயினும், என்றோ வாழ்ந்த ஒரு மூதாதையின் கண்ணே ஒரு பெருங்குலத்துக்குப் பெயராயிற்று. 'ஓ' என்பதற்குப் பேரன் அல்லது வழித்தோன்றல் என்று பொருள். 'மாக்' என்று தொடங்கும் பெயர்களில் 'மாக்' என்பது மகன். ஆக, ஓ சல்லிவன் என்பது 'கருவிழியானின் பேரன்' என்பதேயாம்.

கொங்கு நாட்டு வாசகர்களுக்கு இது விந்தையாகத் தோன்றாது. கொங்கு வேளாளரிடையே காடை, ஆந்தை, தூரன் எனக் கூட்டப் பெயர்கள் பல உள்ளன. செங்கண்ணன் கூட்டம் என்றே ஒன்று உண்டு. அங்கே கருங்கண், இங்கே செங்கண்! ஒரே கூட்டத்தார் பங்காளிகள். அவர்களுக்குள் பெண் கொடுப்பதுமில்லை, எடுப்பதுமில்லை. ஆனால் இப்பெயர்களைப் பெரும்பாலோர் காகிதத்தில் எழுதுவதில்லை. தமிழின் முதற் கலைக்களஞ்சியத்தைப் பதிப்பித்த பெரியசாமித் தூரனைப் போல் தம் கூட்டப் பெயரைப் பெயரோடு சேர்த்துக்கொண்டவர் அரியர்.

ஓ சல்லிவன் குலத்தார் முதலில் திப்பெரரிப் பகுதியில் வாழ்ந்தனர். பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் நார்மானியரின் படையெடுப்பால் தென்மேற்கே கார்க், கெர்ரி மாவட்டங்களுக்குத் தள்ளப்பட்டனர். 1602 இல் ஆங்கிலப் படையிடம் கோட்டையையும் இழந்தார்கள். அவ்வாண்டின் கடைசி நாளில், குலத்தலைவர் டோனல் ஓ சல்லிவன் ஏறத்தாழ ஆயிரம் பேருடன் வடக்கே தஞ்சம் தேடிப் புறப்பட்டார். பெண்களும் குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர். பனியும் பசியும் வாட்ட, வழியெங்கும் பகைவர் தாக்க, இரண்டு வாரம் நடந்து லீட்ரிம் சென்றடைந்தவர்கள் 35 பேர் மட்டுமே.

அதன்பின் ஆங்கில ஆட்சி இறுக இறுக அந்த 'ஓ'வே பாரமாயிற்று. கத்தோலிக்கர் நிலம் வாங்கவும் அரசுப் பதவி வகிக்கவும் சட்டங்கள் தடை விதித்த காலம் அது. பழங்குடியின் அடையாளமாய் நின்ற அவ்வெழுத்தை அச்சத்தாலும் அவமானத்தாலும் பலர் உதறினர். பாட்டன் போனான், சல்லிவன் மட்டும் எஞ்சினான். 1890 இல் எடுத்த கணக்கில் மர்பி, கெல்லி ஆகிய பெயர்களுக்கு அடுத்து அயர்லாந்தில் மூன்றாவதாக மலிந்திருந்தது இப்பெயரே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மொழிப்பற்று மீண்டும் துளிர்த்தபோது, இழந்த 'ஓ'வை மக்கள் சிறிது சிறிதாகத் திரும்ப எடுத்துக்கொண்டனர்.

இடையில் 1845 ஆம் ஆண்டு தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் மாண்டனர். ஏறக்குறைய அத்தனை பேர் கப்பலேறினர். (நீலமலையில் உருளைக்கிழங்குப் பயிரைப் பரப்பியவர் என்று பெயர் பெற்றவரும் ஒரு சல்லிவனே, மேட்டுப்பாளையம் மண்டியில் மூட்டை இறக்குவோர் அறியாத செய்தி இது.) அவ்வாறு அமெரிக்கா சென்ற ஏழைப் பெற்றோருக்கு 1866 இல் பிறந்தவர் ஆனி சல்லிவன். சிறு வயதிலேயே கண்ணோயால் பார்வை மங்கிய அவர், 1887 இல் பார்வையும் செவியும் இழந்திருந்த ஹெலன் கெல்லர் என்ற சிறுமிக்கு ஆசிரியையாய்ச் சென்று, அவளது உள்ளங்கையில் எழுத்துகளை உணர்த்தி உலகையே காட்டினார். கண்ணைப் பெயராகக் கொண்ட குலத்தில் இப்படி ஒருத்தி!

இவற்றையெல்லாம் நாம் படித்தறிந்தது பின்னர். அன்று மாலை அந்தத் தந்தைக்குச் சொல்ல நம்மிடம் இருந்தது ஒன்றே. ஜாதிப் பெயரை எழுத வேண்டாம் என்றோம். 1929 இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு ஜாதிப் பட்டங்களை விட்டுவிடும்படி தீர்மானித்தது. அவ்வியக்கத்தின் மற்றக் கொள்கைகளில் நமக்கு உடன்பாடில்லாதவை பல உண்டு என்பது வாசகர்களுக்குத் தெரியும். ஆனால் இதில் அவர்கள் செய்தது நன்று. அயர்லாந்தார் தம் பெயரின் ஓரெழுத்தை இழந்தது அடக்குமுறையால்; தமிழர் தம் பெயரின் வாலைக் களைந்தது தம் விருப்பால். அதை மீட்டதில் மானம் உண்டு. இதை மீட்பதில் என்ன இருக்கிறது? ஒரு விண்ணப்பத்தில் ஒரு கட்டம் காலியாய் இருக்கிறது என்பதற்காகவா?

"உங்கள் பெயரையே எழுதட்டும்" என்றோம் தந்தையிடம். அவருக்குக் கூச்சம் வந்துவிட்டது. "எம் பேரு எதுக்குங்க சாமி அங்கெல்லாம்?" என்றார்.

அவர் பெயர் சவேரியாரின் பெயரைத் தழுவி நம் மக்கள் ஆக்கிக்கொண்ட பெயர்களுள் ஒன்று. சவேரியார் என்பதும் ஆதியில் ஆள்பெயரன்று. ஸ்பெயின் நாட்டு நவார் பகுதியில் அப்புனிதர் பிறந்த கோட்டையின் பெயர். அக்கோட்டை அவருக்குத் தாய்வழிச் சொத்து. பாஸ்கு மொழியில் அதற்குப் 'புது வீடு' என்று பொருள். இதைச் சொன்னதும் தந்தை மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் சிரித்தாள். கோட்டைக்கு வாரிசு என்று எண்ணினாளோ என்னவோ.

அன்று அவளுக்குச் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அயர்லாந்து மொழியில் மணமாகாத பெண் தன் பெயருக்குமுன் 'ஓ' போடுவதில்லை. பேரன் என்பது அவளுக்குப் பொருந்தாதே! குலத்தின் மகள் என்னும் பொருளில் 'நீ' என்று எழுதி, 'நீ ஹூலவான்' என்பார்கள். தமிழ்க் காதுக்கு அது யாரோ நேரே நின்று அழைப்பதுபோல் இருக்கும்.

பாஸ்போர்ட்டைத் திருத்த இரண்டு மாதம் ஆயிற்று. அலைச்சல் கொஞ்சமன்று, பதிவேட்டின் நகலை மட்டும் நாம் மும்முறை எழுதிக் கொடுத்தோம். ஆவணி மாதம் அவள் விமானம் ஏறினாள். அதற்கு அடுத்த மாதம் ஞாயிறு பூசை முடிந்ததும் தந்தை நமக்காகக் காத்திருந்தார்.

"அங்கே எல்லாரும் அவளை எம் பேரைச் சொல்லித்தான் கூப்பிடறாங்களாம், சாமி. சிஸ்டர் இன்னார்னு. வாய்ல சரியா நுழையலையாம், நாலு விதமாச் சொல்றாங்களாம்" என்றார். அந்த நாலு விதத்தையும் நம்மிடம் சொல்லிக் காட்டிவிட்டுத்தான் தோட்டத்துக்குப் போனார்.