மின்சாரத்துக்கும் ஆயக்கட்டுக் கணக்கு வேண்டும்

கண்மாய் மடையைத் திறக்கும் முன் ஆயக்கட்டு எத்தனை ஏக்கர், கடைமடை வரை தண்ணீர் போய்ச் சேருமா என்று கணக்குப் பார்ப்பது வழக்கம். கணக்குப் பார்க்காமல் திறந்தால் தலைமடைக்காரர் வயல் நிரம்பும். கடைமடைக்காரர் வயல் காயும். பம்புசெட் மின்சாரத்தில் இன்று நடப்பது ஏறக்குறைய இதுதான்.

கொடைக்கானல் மலையடிவாரத்தில் உள்ள கெங்குவார்பட்டிப் பகுதியில் கிணற்று மோட்டாரை நம்பித் தென்னையும் மாவும் வாழையும் வைத்திருப்பவர்கள் பலர். இவர்களுக்கு மின்சாரம் வந்தால் மட்டும் போதாது. சொன்ன நேரத்தில், முழு அழுத்தத்தில் வரவேண்டும். அழுத்தம் குறைந்தால் மோட்டார் சூடேறிக் காயில் கருகும். காயில் கட்டி முடிப்பதற்குள் வாழை வாடிவிடும். மின்சாரம் இலவசம்தான், காயில் கட்டும் கூலி இலவசம் அல்லவே!

மாநிலத்தின் மின் தேவை ஆண்டுக்காண்டு ஏறுகிறது. 2024 மே 2-ஆம் தேதி உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. 1958-இல் ஓடத் தொடங்கிய லோயர் கேம்ப் பெரியாறு மின் நிலையம் 140 மெகாவாட் திறனில் அமைக்கப்பட்டது. அத்தகைய நிலையங்கள் நூற்று நாற்பதுக்கு மேல் சேர்ந்தால்தான் அந்த ஒரு நாள் உச்சத்துக்கு ஈடாகும். அதிலும் அணையில் நீர் இருந்தால்தான் அது ஓடும்.

2012-இல் நாள் முழுதும் இருண்டு கிடந்த கிராமங்களை யாரும் மறந்திருக்க முடியாது. அதன் பிறகு கூடங்குளம் வந்தது. 2013 டிசம்பர் 31-இல் தென்னக மின் தொகுப்பு நாட்டின் மற்றத் தொகுப்புகளுடன் இணைந்தது. வெளி மாநில மின்சாரத்தைக் கூடுதலாகக் கொண்டு வர வழி பிறந்தது. காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஆனால் கம்பம் கணவாய்க் காற்று மே முதல் செப்டம்பர் வரைதான் பலமாக வீசும். சூரிய மின்சாரம் மாலையில் அடங்கிவிடும். வீடுகளில் விளக்கெரியும் அந்நேரத்தில்தான் தட்டுப்பாடு. பகலில் மிஞ்சும் மின்சாரத்தால் தண்ணீரை மேலேற்றி, மாலையில் இறக்கி மின்சாரம் எடுக்கும் 400 மெகாவாட் நிலையம் காடம்பாறையில் உண்டு. குந்தாவில் இன்னொன்று கட்டப்படுகிறது.

இவையெல்லாம் உற்பத்திப் பக்கத்துத் திட்டம். வயல் பக்கத்துக் கணக்கு என்ன? மாநிலத்தில் 23 இலட்சத்துக்கு மேல் விவசாய இணைப்புகள் உள்ளன. பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் கிடையாது. விவசாயத்துக்குச் செலவாகும் மின்சாரம் மதிப்பீடுதான், அளவு அல்ல. மதிப்பீட்டை வைத்துப் போடும் திட்டம் எப்படி நம்பகமாக இருக்கும்?

ஒரு கணக்கைப் பார்க்கலாம். 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரில் 5 எச்.பி. மோட்டார்கள் இருபது இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். எல்லாம் ஒரே நேரத்தில் முழுப் பளுவில் ஓடினால் சுமை ஏறத்தாழ 115 கே.வி.ஏ. ஆகும். அனுமதி 5 எச்.பி.க்கு வாங்கிவிட்டு 7½ எச்.பி. மோட்டாரை இறக்கியிருந்தால் கேட்கவே வேண்டாம். இதில் தவறு மின்வாரியத்துடையது மட்டும் அல்ல. ஒவ்வொரு மோட்டாருக்கும் 2 கே.வி.ஏ.ஆர். கெப்பாசிட்டர் பொருத்தினால் அதே சுமை 100 கே.வி.ஏ.க்குள் அடங்கும். இதற்கு ஆகும் செலவு ஒரு முறை காயில் கட்டும் செலவைவிடக் குறைவு.

மீட்டர் என்றதும் விவசாயிகள் அஞ்சுவதில் நியாயம் உண்டு. 1970-இல் கட்டண உயர்வை எதிர்த்துப் பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார்கள். 1984-இல் சிறு விவசாயிகளுக்கும் பின்னர் அனைவருக்கும் கிடைத்த இலவச மின்சாரம் எளிதில் வந்ததல்ல. 2003 மின்சாரச் சட்டம் எல்லா இணைப்புக்கும் மீட்டர் வேண்டும் என்கிறது. இன்று மீட்டர், நாளை பில் என்ற சந்தேகம் எழத்தான் செய்யும்.

இதற்கு நடுவழி உண்டு. தனித்தனி மோட்டாரில் கை வைக்காமல், டிரான்ஸ்பார்மரிலும் மின்பாதையிலும் மீட்டர் வைக்கலாம். ஊரின் மொத்தச் சுமை தெரிந்தால் எங்கே கூடுதல் டிரான்ஸ்பார்மர் வேண்டும், எந்தத் துணை மின் நிலையத்தை விரிவாக்க வேண்டும் என்பது விளங்கும். இலவசம் குறையாது என்பதை அரசு எழுத்துமூலம் உறுதி கூறவேண்டும். குஜராத்தில் 2003-இல் தொடங்கிய ஜோதிகிராம் திட்டத்தில் விவசாயத்துக்குத் தனி மின்பாதை போட்டு, 8 மணி நேரம் மும்முனை மின்சாரத்தை முறை வைத்துக் கொடுத்தார்கள். நேரம் குறைவே; ஆனால் எப்போது வரும் என்பது தெரிந்தது.

சூரிய மின்சாரம் மிகும் பகல் வேளையைப் பம்புசெட்டுகளுக்கு ஒதுக்குவது இரு தரப்புக்கும் இலாபம். வாரியத்துக்கு மாலை நேரப் பளு குறையும். விவசாயி இருட்டில் பாம்புக்கு அஞ்சி வரப்பில் நடக்க வேண்டியதில்லை.

மின்சாரம் இலவசமாகக் கிடைப்பது ஒரு உரிமை. நம்பகமாகக் கிடைப்பது இன்னொரு உரிமை. முதலாவதைப் போராடிப் பெற்ற விவசாயிகள், இரண்டாவதைக் கணக்குக் காட்டிக் கேட்க வேண்டும். கடைமடைக்குத் தண்ணீர் வேண்டுமானால் ஆயக்கட்டை மறைக்கக் கூடாது.