தூள் பாதி, தண்ணீர் பாதி!

விரல் அளவு கண்ணாடிக் குப்பி. அதன் அடியில் ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள். அதில் தண்ணீரை விட்டால் ஊசி மருந்து தயார்!

பார்ப்பதற்கு எளிதான வேலை. பால் பவுடரில் வெந்நீர் விட்டுக் கலக்குவது போலத்தான் தோன்றும். ஆனால் கலவை சரியாக இருந்தால் உயிர் பிழைக்கும். தவறினால் உயிர் போகும்.

இந்த வேலையைச் சில வாலிபர்கள் இப்போது வீட்டிலேயே செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். "பெப்டைடு" என்ற பெயரில் தூள் விற்கப்படுகிறது. சதை முறுக்கேறும், அடிபட்ட மூட்டு சீக்கிரம் ஆறும், தொந்தி கரையும் என்று கைபேசியில் விளம்பரம் வருகிறது. பணம் கட்டினால் தூள் வீடு தேடி வருகிறது. கலக்குவதற்குத் தண்ணீரும் தனியாகக் கிடைக்கிறது.

எம்.கே.பி. நகர், வியாசர்பாடி, ராயபுரம், திருவொற்றியூர் வட்டாரம் உழைப்பாளிகளின் வட்டாரம். கால்பந்துக்கும் குத்துச்சண்டைக்கும் தேகப்பயிற்சிக்கும் பெயர் போன இடம். இங்கே பல குடும்பங்களுக்கு உடம்புதான் சொத்து. ஆகவே இந்தப் பகுதிப் பெற்றோர்கள் இந்தத் தூளைப் பற்றித் தெரிந்துகொள்வது அவசியம்.

ஏன் தூளாக வருகிறது?

சில மருந்துகள் தண்ணீரில் நெடுநாள் நிற்காது. கெட்டுவிடும். அதனால் அவற்றை உறைய வைத்து, ஈரத்தை இழுத்து, தூளாக்கிக் குப்பியில் அடைக்கிறார்கள். வேண்டும்போது தண்ணீர் சேர்க்கிறார்கள்.

பிறந்த குழந்தைக்குப் போடும் பி.சி.ஜி. ஊசி மருந்து அப்படிப்பட்டதே. அதைத் தயாரிக்கத்தான் 1948ஆம் ஆண்டில் சென்னை கிண்டியில் தனி ஆய்வுக்கூடம் ஏற்பட்டது. 9 மாதம் முடிந்த குழந்தைக்குப் போடும் தட்டம்மை ஊசியும் தூளே. பாம்புக்கடி விஷமுறிவு மருந்தும் பெரும்பாலும் தூளாகவே வருகிறது.

ஆகவே தூள் மருந்து கெட்டது அல்ல. அதை எங்கே, யார், எதைக் கொண்டு கலக்குகிறார்கள் என்பதுதான் கேள்வி.

எந்தத் தண்ணீர்?

"தண்ணீர் தானே! கொதிக்க வைத்தால் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு.

போதாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஆனால் செத்த கிருமியின் நஞ்சு தண்ணீரிலேயே தங்கிவிடும். ஊசி போட்ட பிறகு குளிரும் காய்ச்சலும் வருவதற்கு இந்த நஞ்சு காரணம் என்பதை அமெரிக்காவில் பிளாரன்ஸ் சீபர்ட் என்ற பெண் விஞ்ஞானி 1923ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். ஊசிக்குரிய தண்ணீரை இந்த நஞ்சும் இல்லாமல் தொழிற்சாலையில் தயாரிக்கிறார்கள்.

அதில் ஒரு வகைதான் "பாக்டீரியோஸ்டாட்டிக் வாட்டர்". இதில் 0.9 சதவீதம் பென்சைல் ஆல்கஹால் என்ற பொருள் கலந்திருக்கும். குப்பியில் பலமுறை ஊசி குத்தி எடுத்தாலும் கிருமி பெருகாமல் இருப்பதற்காக இந்த ஏற்பாடு. திறந்த பிறகு 28 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

இந்தத் தண்ணீர் கிருமி பெருகுவதைத் தடுக்கும், அவ்வளவுதான். அழுக்கான தூளை அது சுத்தமாக்காது. மஞ்சள் காமாலைக் கிருமியையும் எய்ட்ஸ் கிருமியையும் ஒழிக்காது. ஒரே குப்பியில் நாலு பேர் ஊசி குத்தினால் ஒருவர் நோய் மற்றவருக்கு வரும்.

இதே தண்ணீர் பச்சிளங்குழந்தைக்கு எமன்! அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் பிறந்த குழந்தைகளின் மருந்தைக் கலக்கவும் ஊசிக் குழாயைக் கழுவவும் பென்சைல் ஆல்கஹால் சேர்ந்த நீரை உபயோகித்தார்கள். 16 குழந்தைகள் மூச்சுத் திணறி இறந்த செய்தி 1982ஆம் ஆண்டு வெளியாயிற்று. பெரியவர்களுக்கு ஏற்ற தண்ணீர் சிசுவுக்கு விஷமாயிற்று!

சமோவா தீவில் நடந்தது

பசிபிக் கடலில் சமோவா என்ற தீவு நாடு. அங்கே 2018 ஜூலையில் ஒரு வயதுக் குழந்தைகள் இருவருக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போட்டார்கள். சில நிமிஷத்தில் இரண்டு குழந்தைகளும் இறந்தன.

தடுப்பு மருந்தில் குற்றம் இல்லை. தண்ணீருக்குப் பதிலாக, காலாவதியான மயக்க மருந்தை நர்சுகள் தூளில் கலந்துவிட்டார்கள்! இரண்டு நர்சுகளுக்கும் 5 ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது.

துயரம் அதோடு முடியவில்லை. தாய்மார்கள் ஊசி என்றாலே பயந்தார்கள். தடுப்பூசி போட்டுக்கொண்ட குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்தது. 2019ஆம் ஆண்டு அந்தத் தீவில் தட்டம்மை பரவி 83 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் சிறு குழந்தைகள்.

படித்துத் தேறிய நர்சுகளே கலப்பதில் தவறினார்கள். பயிற்சி இல்லாத வாலிபர் படுக்கை அறையில் கலந்தால் என்ன ஆகும்?

தூளில் இருப்பது என்ன?

பெப்டைடு என்பது புரதத்தின் சிறு துண்டு. நீரிழிவுக்காரர்களைக் காக்கும் இன்சுலினும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. 1922 ஜனவரியில் கனடா நாட்டு டொரோண்டோ நகரில் 14 வயதுச் சிறுவனுக்கு முதன் முதலாக இன்சுலின் போட்டார்கள். மருந்து சுத்தமாக இல்லை. ஊசி போட்ட இடத்தில் கட்டி வந்தது, நோயும் அடங்கவில்லை. மருந்தைச் சுத்தப்படுத்தி 12 நாள் கழித்து மறுபடி போட்டார்கள். சிறுவன் பிழைத்தான்!

மருந்து ஒன்றுதான். சுத்தம்தான் வித்தியாசம்.

கைபேசி விளம்பரத்தில் விற்கும் தூளின் சுத்தத்துக்கு யார் பொறுப்பு? பல குப்பிகளின் மேல் "ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர் உபயோகத்துக்கு அல்ல" என்று அச்சடித்திருக்கிறது. விற்பவர் தப்பித்துக்கொள்ள வழி வைத்திருக்கிறார். வாங்குபவருக்கு வழி இல்லை.

கணக்கிலும் ஆபத்து உண்டு. ஒரே குப்பித் தூளில் 2 மில்லி தண்ணீருக்குப் பதில் 1 மில்லி விட்டால் மருந்தின் வேகம் இரட்டிப்பாகிவிடும். ஊசியில் ஏறும் அளவு கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். உடம்பில் சேருவது இரண்டு மடங்கு!

விளையாட்டு வீரர்களுக்கு மற்றொரு எச்சரிக்கை. பி.பி.சி.-157 என்ற பெப்டைடை உலக ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனம் 2022ஆம் ஆண்டில் தடைப் பட்டியலில் சேர்த்தது. சோதனையில் அகப்பட்டால் பதக்கம் போகும். விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் ரயில்வே வேலையும், போலீஸ் வேலையும் கனவாகிவிடும்.

என்ன செய்ய வேண்டும்?

லைசென்ஸ் இல்லாமல் மருந்து விற்பது 1940ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கடைக்குப் பொருந்தும் சட்டம் கைபேசி வியாபாரிக்கும் பொருந்த வேண்டும். மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் இந்த வியாபாரத்தைக் கவனித்துத் தடுக்க வேண்டும்.

தேகப்பயிற்சிக் கூடம் நடத்துபவர்கள், "இங்கே ஊசிக்கு இடமில்லை" என்று வாசலிலேயே பலகை எழுதி மாட்டலாம். பிள்ளைகளுக்குக் குருவாக இருப்பவர்கள் அவர்கள்தான். அவர்கள் சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள்.

பெற்றோர்களே! பிள்ளையின் அறையில் குப்பியும் ஊசியும் கண்டால் கூச்சல் போடாதீர்கள். பக்கத்தில் உட்கார வைத்து விசாரியுங்கள். ஊசி போட்ட இடத்தில் வீக்கமோ, காய்ச்சலோ, நடுக்கமோ இருந்தால் உடனே ஸ்டான்லி போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். என்ன மருந்து போட்டான் என்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். குப்பியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

டாக்டர் எழுதிக் கொடுத்து, வீட்டில் கலந்து போடும் மருந்துகளும் உண்டு. அதற்குப் பயப்பட வேண்டாம். எந்தத் தண்ணீர், எத்தனை மில்லி, எத்தனை நாள் வைக்கலாம் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தாய்மார்களே! சமோவா கதையைக் கேட்டு, குழந்தையின் தடுப்பூசியை நிறுத்திவிடாதீர்கள். சுகாதார நிலையத்தில் மருந்தோடு அதற்கென்றே தயாரித்த தண்ணீரும் சேர்ந்து வருகிறது. கலந்த தட்டம்மை மருந்தை 4 மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும் என்பது விதி. "எப்போது கலந்தது, அம்மா?" என்று நர்சிடம் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

சந்தேகம் இருந்தால் 104 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். காசு செலவில்லை. கடையில் எண்ணெய் வாங்கும்போது கலப்படமா என்று பத்துக் கேள்வி கேட்கிறோம். உடம்புக்குள் ஏறும் மருந்துக்கு ஒரு கேள்வியாவது கேட்க வேண்டாமா?