நோயாளியின் குரல் மருத்துவரை எட்டியதா?

கோடியக்கரையிலிருந்து தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையோ முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல். புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று மீண்டவர்கள் மறுபரிசோதனைக்கென்று இத்தொலைவைக் கடந்தே தம் மருத்துவரைக் கண்டு வருகின்றனர். 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தபோது பேருந்துகள் நின்றன. மாவட்ட எல்லையைத் தாண்ட அனுமதிச் சீட்டு வேண்டியதாயிற்று. வேதாரண்யத்துக்கு அடுத்த திருத்துறைப்பூண்டியே வேறு மாவட்டம் அல்லவா?

இந்தியாவின் 41 புற்றுநோய் மையங்களில் 2020 மார்ச் முதல் மே வரையிலான மூன்று மாதங்களை முந்தைய ஆண்டின் அதே மாதங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தனர். மறுபரிசோதனைக்கு வந்தோர் தொகை 46 விழுக்காடு குறைந்திருந்தது. புதிதாகப் பதிவு செய்தோர் 54 விழுக்காடு குறைந்திருந்தனர். வராதவர்கள் அனைவரும் நலமாயிருந்தார்கள் என்று எவரும் கருத இயலாது.

கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் செல்லாதிருப்பதும், அவ்வூரைவிட்டு வெளியேறாதிருப்பதும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழியாகும். ஷாம் தேசத்துக்குப் புறப்பட்ட கலீஃபா உமர் (ரலி) அவர்கள், அங்கு நோய் பரவியிருப்பதை வழியிலேயே அறிந்து, தோழர்களைக் கலந்தாலோசித்த பின்னரே திரும்பினார்கள். அவர்கள் பயணத்தைத்தான் நிறுத்தினார்கள், ஆலோசனையை நிறுத்தவில்லை. நம் இல்லங்கள் பலவற்றில் இரண்டும் ஒருசேர நின்றுபோயின.

வழி அடைபட்டுவிடவில்லை. தொலைமருத்துவ நெறிமுறைகளை மைய அரசு 2020 மார்ச் 25ஆம் நாளே வெளியிட்டது. முன்பே பார்த்த மருத்துவர் தொலைபேசி வாயிலாக விசாரித்து, வழக்கமான மாத்திரைகளைத் தொடர்ந்து எழுதித்தர அது இடமளித்தது. மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டு, ஐந்தாண்டு, பத்தாண்டு என்று நாள்தோறும் மாத்திரை உட்கொள்ளும் பெண்களுக்கு இது பேருதவி. எனினும் புதிதாய்த் தோன்றிய கட்டியைத் தொலைபேசி தொட்டுப் பார்க்காது. கடும் வலிக்குரிய மார்ஃபின் போன்ற போதைச் சட்டத்துக்குட்பட்ட மருந்துகளைத் தொலைவிலிருந்து எழுதுவதையும் அந்நெறிமுறை தடை செய்தது. தவறான பயன்பாட்டைத் தடுக்கும் நோக்கம் புரிகிறது. ஆயினும் வலியால் எழ முடியாதவரே நேரில் வரவேண்டும் என்பது எவ்வகை நியாயம்?

இதனினும் பெரிய தடை நம் வீட்டிற்குள்ளேயே இருந்தது. நேரில் சென்றால் திரைக்குப் பின்னே பெண் மருத்துவரிடம் ஒரு தாய் தன் குறையைத் தனியே சொல்வார். தொலைபேசியோ மகன் கையில்! மருத்துவர் கேட்கிறார், மகன் விடை சொல்கிறார். சுற்றிலும் மருமகளும் பேரப்பிள்ளைகளும். இரத்தப்போக்கையோ மார்பில் தென்படும் தடிப்பையோ அத்தாய் எவ்வாறு வாய்விட்டுக் கூறுவார்? "உம்மாவுக்கு ஒன்றுமில்லை, நலமாயிருக்கிறார்" என்று மகன் அன்போடுதான் சொல்கிறார். மருத்துவரின் ஏட்டிலும் அவ்வாறே பதிவாகிறது. நோயின் பெயரையே நோயாளியிடமிருந்து மறைக்கும் குடும்பங்களில் நிலை இன்னும் இரங்கத்தக்கது. என்ன அறிகுறி தோன்றினால் சொல்லவேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளோடு வலிதணிப்புப் பராமரிப்பையும் வீட்டு வாயிலுக்குக் கொணர்ந்தது. வேதாரண்யம் வட்டாரத்தில் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்தோரின் பட்டியல் ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்குமாயின், மீண்டும் பாதை அடைபடும் நாளில் செவிலியர் ஒருவர் அவர்களைப் பெயர் சொல்லி விசாரிக்கலாம். வீட்டார் செய்யவேண்டியது அதனினும் எளிது. சிகிச்சைக் குறிப்புகளின் நகலொன்றைக் கைவசம் வைத்திருங்கள். மருத்துவர் அழைக்கும்போது தொலைபேசியை உம்மாவிடம் கொடுத்து, அறைக்கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.