அளவை நூலும் மெய்ப்பொருள் ஆராய்ச்சியும்

"அளவை நூல் வெறுங் கருவியே, மெய்ப்பொருளைப் பற்றி அஃது ஒன்றும் உரைப்பதில்லை" என்பார் நம் மாணவருள் பலர். சமய உண்மைகளை அளவை நூலார் தீண்டுதலே தகாது என்பார் வேறு சிலர். இவ்விரு கூற்றும் பொருந்தா என்பதும், சொல்லை ஆராயப் புகுந்தோன் பொருளை ஆராயாது மீளுதல் அரிது என்பதும் எம் துணிபு. இதற்கு இடைக்கால ஐரோப்பியப் பள்ளிகளின் வரலாறே தக்க சான்றாகும்.

கி. பி. மூன்றாம் நூற்றாண்டினரான போர்பிரி என்னும் அறிஞர், அரிஸ்டாட்டிலின் அளவை நூலுக்குத் தோற்றுவாயாக ஒரு சிறு நூல் இயற்றினார். அதன் தொடக்கத்தே மூன்று வினாக்களை எழுப்பினார். மனிதன், விலங்கு என்னும் பொதுமைகள் உண்மையில் உள்ளனவோ, நம் உள்ளத்தளவில் நிற்பனவோ? உள்ளனவாயின், உடம்புடையனவோ, உடம்பிலவோ? காட்சிப் பொருள்களினின்றும் வேறாய் நிற்பனவோ, அவற்றினுள்ளே நிற்பனவோ? வினவிய அவரே, இவை ஆழ்ந்த ஆராய்ச்சிக்குரியனவென்று கூறி, விடை இறுக்காது விடுத்தார். ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போயித்தியஸ் என்னும் உரோமர் அந்நூலை இலத்தீனில் பெயர்த்து உரையும் வகுத்தார்.

பின்னர் நிகழ்ந்தது வியக்கத்தக்கது. அரிஸ்டாட்டிலின் மெய்ப்பொருள் நூல் பன்னிரண்டாம் நூற்றாண்டு வரையில் இலத்தீன் மாணவர்க்குக் கிட்டவில்லை. அவர்கள் கையிலிருந்தவை அவருடைய அளவை நூல்களுட் சிலவும், போர்பிரியின் சிறு நூலும், அவற்றின் உரைகளுமே. மெய்ப்பொருள் நூல் இல்லாத பள்ளியில், அளவை நூலைப் பயின்றாரிடையே, மெய்ப்பொருள் பற்றிய வினா தானே முளைத்தது. இவ்விரண்டும் தம்முள் தொடர்பில்லாதனவாயின் இஃது எங்ஙனம் நிகழ்ந்திருத்தல் கூடும்?

பதினோராம் நூற்றாண்டின் இறுதியில் ரோசலின் என்பார், பொதுமை என்பது வாயினின்று எழும் ஒலியேயன்றிப் பிறிதன்று எனக் கற்பித்ததாகக் கூறுவர். உள்ளவை தனிப்பொருள்களே எனின், பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்னும் மூவரும் மூன்று தனிப்பொருள்களாதல் வேண்டும். அன்றேல், குமாரனோடு பிதாவும் மானிட உடல் எடுத்தாரெனக் கொள்ள நேரும். ஏறத்தாழ 1092 இல் சுவாசோன் நகரிற் கூடிய திருச்சபைச் சங்கத்தின் முன் அவர் தம் கொள்கையைக் கைவிட வேண்டியதாயிற்று. பொதுப்பெயரைப் பற்றிய வழக்கொன்று திரித்துவம் வரையிற் சென்றமை காண்க. ரோசலினை மறுத்த அன்செல்ம், இத்தகைய அளவை நூலாரை ஆவிக்குரிய ஆராய்ச்சியினின்றும் விலக்குதல் வேண்டும் என்றார். ஆயினும் அதற்கு அவர் காட்டிய காரணமே அளவை நூலுக்குரியது: மனிதர் பலர் இனத்தால் ஒருவராதலை உணராதார், மூவர் ஒரே கடவுளாதலை எங்ஙனம் உணர்வர் என்பதே அது. விலக்க வந்தவரும் அக்கருவியையே கையாண்டார்.

மறுதலைக் கொள்கையினர் பாரிசு நகரிற் கற்பித்த வில்லியம். மனிதத்தன்மை என்னும் ஒரே பொருள் ஒவ்வொருவரிடத்தும் முழுமையாக உள்ளதென்றும், வேறுபாடு மேல்வந்த பண்புகளால் ஆயதென்றும் அவர் கூறினார். அவர்பாற் கற்ற பீட்டர் அபெலார்டு இதனை மறுத்தார். விலங்குத்தன்மை என்னும் ஒரே பொருள் மனிதனிடத்தும் கழுதையினிடத்தும் முழுமையாக உளதாயின், அவ்வொன்றே பகுத்தறிவுடையதும் அஃதில்லதும் ஆமன்றோ? மறுதலைப் பண்புகள் ஒன்றன்கண் ஒருங்கே நில்லா. ஆகலின் அக்கொள்கையும் நில்லாது. தம் வாதத்தினால் ஆசிரியர் தம் கொள்கையை மாற்றிக்கொண்டார் என அபெலார்டு தம் வரலாற்றில் எழுதியுள்ளார். ஈண்டு எழுந்தது அளவை நூலின் வாதம்; வீழ்ந்தது மெய்ப்பொருட் கொள்கை.

பொதுமை வெற்றொலி என்பதையும் அபெலார்டு ஒப்பினாரல்லர். ஒலி இயற்கையது, சொல்லோ, பொருள் உணர்த்துமாறு மாந்தரால் அமைந்தது. மனிதன் என்னும் பெயர் பலர்க்கும் பொருந்துதல், அவரெல்லாம் மனிதராயிருத்தலில் ஒத்தலால் என்றும், அவ்வொத்தல் தனியே ஒரு பொருளன்று என்றும் அவர் கொண்டார். சொல்லின் இயல்பு கூற வந்தவர் உள்ளதன் இயல்பையும் கூறாது அமைய இயலவில்லை. திரித்துவத்தைப் பற்றி அவர் எழுதிய நூலை 1121 இல் அதே சுவாசோன் நகரிற் கூடிய சங்கம் அவர் கையினாலேயே தீயிலிடுவித்தது. எரிந்தது ஏடு, வினா எரிந்திலது. இருநூறு ஆண்டுகட்குப் பின் ஒக்காம் வில்லியம் அவ்வினாவை மீண்டும் எடுத்து, உள்ளவை தனிப்பொருள்களே, பொதுமை உள்ளத்திலுள்ள குறியே என்று வாதித்தார்.

அங்ஙனமாயின் அளவை நூல் எல்லாவற்றையும் முடிவு செய்யுமோ எனின், செய்யாது. அது முரணைக் காட்டும். முரணின்மை ஒன்றே உண்மையாகிவிடாது. முரணற்ற கொள்கைகள் பல இருத்தல் கூடும். அவற்றுள் எது மெய்யெனத் துணிதற்கு உள்ள பொருளை நோக்குதல் வேண்டும். விசுவாசிக்கு வேதமும் வேண்டும். ஆயினும் முரணுடைய ஒன்றை நம்பிக்கை என்னும் பெயரால் போற்றுதல் நம்பிக்கைக்குப் பெருமை தருவதன்று.

எம் போன்ற மாணவருள், வகுப்பறையிற் கற்ற நியாயத்தை வகுப்பறையிலேயே விடுத்து, ஆலயத்திற் கேட்ட உண்மையை ஆலயத்திலேயே விடுத்து, இரண்டும் ஒன்றையொன்று காணாதபடி வாழ்வார் உளர். யாமும் சில காலம் அங்ஙனம் இருந்தோம். அஃது அமைதி போலத் தோன்றும். ஆனால் அவ்வமைதி அச்சத்தின் விளைவு. நம் நம்பிக்கை மெய்யாயின், நேர்மையான வினாவினால் அதற்குக் கேடில்லை. அபெலார்டின் ஏட்டைத் தீயிலிட்டோர் அவர்தம் வாதத்திற்கு விடை கூறினாரல்லர். நாம் அவ்வழி செல்லாது, வினவுவார்க்கு விடை கூறும் வழியிற் செல்வோமாக.