கருணையோடு ஒரு கணக்கு



என்னிடம் இயற்பியல் பயின்ற மாணவர் ஒருவர் அண்மையில் என்னைத் தேடி வந்தார். ஆப்பிரிக்காவில் மொசாம்பிக் நாட்டின் கிராமப்புறத்தில், குடிநீரும் கழிப்பறையும் அமைத்துத் தரும் திட்டம் ஒன்றில் ஆறு வாரம் தொண்டாற்ற விரும்புவதாகச் சொல்லி, பரிந்துரைக் கடிதம் கேட்டார். மகிழ்ச்சியோடு எழுதிக் கொடுத்தேன். கூடவே ஒரு கணக்கையும் கொடுத்து, போட்டுப் பார்க்கச் சொன்னேன். அதே கணக்கை உங்களுக்கும் தருகிறேன்.

தென்னாப்பிரிக்காவில் உருவான 'பிளேபம்ப்' என்ற கருவியைப் பற்றியது அது. மேலே குழந்தைகள் ஏறிச் சுற்றும் ராட்டினம். அடியில் ஆழ்துளைக் கிணற்றுப் பம்பு. ராட்டினம் சுற்றச் சுற்ற நீர் மேலேறித் தொட்டியில் நிரம்பும். குழந்தைகளுக்கு விளையாட்டு, ஊருக்குத் தண்ணீர்! 2006-ஆம் ஆண்டு அமெரிக்காவில் இதற்காக ஒரு கோடியே 64 லட்சம் டாலர் உதவி அறிவிக்கப்பட்டது. 2010-க்குள் 4,000 பம்புகள், ஒரு கோடி மக்களுக்குக் குடிநீர் என்பது இலக்கு. நான் அப்போது ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிது. அதன் படத்தை வகுப்பில் காட்டி, "ஆற்றல் மாற்றத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு உண்டா?" என்று பெருமையாகப் பேசினேன்.

இப்போது பென்சிலை எடுங்கள். ஒரு கோடிப் பேருக்கு 4,000 பம்புகள் என்றால், ஒரு பம்புக்கு 2,500 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் என்று மிகவும் சிக்கனமாக வைத்தாலும் 37,500 லிட்டர் தேவை. 40 மீட்டர் ஆழத்திலிருந்து மணிக்கு 1,400 லிட்டர் இறைக்கும் என்று அந்தப் பம்பைப் பற்றிச் சொல்லப்பட்டது. வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 27 மணி நேரம்! ஒரு நாளுக்கு 24 மணிதானே உண்டு? பிரிட்டனின் 'கார்டியன்' நாளிதழ் 2009-இல் இந்த முரண்பாட்டைச் சுட்டிக்காட்டியது.

இன்னொரு படியும் போகலாம். 1,400 கிலோகிராம் நீரை 40 மீட்டர் உயர்த்தச் செய்ய வேண்டிய வேலை 1,400 × 9.8 × 40, அதாவது சுமார் 5,49,000 ஜூல். ஒரு மணிக்கு 3,600 விநாடி. எனவே தேவையான திறன் சுமார் 152 வாட். உராய்வால் வரும் இழப்பை நான் சேர்க்கவேயில்லை. நல்ல உடல் வலுவுள்ள ஒருவர் நாள் முழுதும் உழைத்தால் தரக்கூடிய திறன் ஏறத்தாழ 75 வாட். ஆக, இரண்டு பெரியவர்கள் இடைவிடாது செய்ய வேண்டிய வேலை இது. அதை 'விளையாட்டு' என்று சொல்லலாமா?

நடந்ததும் அதுதான். குழந்தைகள் களைத்து இறங்கிவிட, பெண்கள் அந்த ராட்டினத்தைக் கையால் சுற்ற வேண்டியதாயிற்று. சில ஊர்களில், நன்றாக வேலை செய்துகொண்டிருந்த அடிபம்பைக் கழற்றிவிட்டே இதைப் பொருத்தியிருந்தார்கள். பழுதானால் ஊரார் சரிசெய்ய வழியில்லை, மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். 2010-க்குள் அந்தப் பெரிய திட்டம் கைவிடப்பட்டது.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. பணம் கொடுத்தவர்கள் நல்லவர்கள். ஆனால் உங்கள் வகுப்புக் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கத் தவறினார்கள். இயற்பியல் கற்பிக்கும் நானும் போடவில்லை. குடத்தோடு நடக்கும் பெண்ணிடம், "அம்மா, உங்களுக்கு எது வசதி?" என்று முன்கூட்டியே கேட்டிருந்தால்கூட உண்மை தெரிந்திருக்கும்.

"இப்படிக் கேள்வி கேட்டால் உதவ வருபவர்களின் உற்சாகம் குன்றிவிடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். குன்றாது என்பதே என் கருத்து. 1980-களில் மலாவியிலும் கென்யாவிலும் உருவாக்கப்பட்ட 'ஆஃப்ரிடெவ்' அடிபம்பைப் பாருங்கள். "கெட்டுப்போனால் யார் சரிசெய்வார்?" என்ற கேள்வியிலிருந்தே அதன் வடிவமைப்புப் பிறந்தது. கனமான குழாயை மேலே தூக்காமலே பிஸ்டனை மட்டும் வெளியே எடுக்கலாம். ஒரே ஒரு ஸ்பானர் போதும். கென்யாவின் குவாலே பகுதியில் கிராமத்துப் பெண்களே பழுது பார்க்கப் பயிற்சி பெற்றார்கள். கேள்வி அங்கே உற்சாகத்தைக் கெடுக்கவில்லை; பம்பைத்தான் மேம்படுத்தியது.

கணக்கைப் போட்டு முடித்த என் மாணவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்படியானால் நான் போக வேண்டாமா, சார்?" என்றார்.

"கட்டாயம் போய் வா, தம்பி. ஆனால் முதல் வாரம் எதையும் கட்டாதே. தண்ணீர் எடுக்கப் போகிறவர்களோடு நட; எத்தனை நடை, எத்தனை லிட்டர் என்று குறித்துக்கொள். பம்பின் வாஷர் தேய்ந்தால் புதியது எந்தக் கடையில் கிடைக்கும், என்ன விலை என்று விசாரி. கழிப்பறைக் குழி நிரம்பினால் என்ன செய்வார்கள் என்று கேள். கடைசியாக, அங்குள்ள பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து இந்த 27 மணி நேரக் கணக்கைப் போட்டுப் பார்" என்றேன்.

அடுத்த முறை யாரேனும் ஓர் அழகான படத்தோடு அந்த ஊருக்கு வந்தால், அந்தப் பிள்ளைகளே பென்சிலை எடுக்க வேண்டும். நண்பர்களே, உங்கள் ஊருக்கு வந்தால் நீங்கள் எடுப்பீர்கள் அல்லவா?