தூரத்துக்கென்று பிறந்த எழுத்து



இந்த இதழைப் புரட்டியதுமே ஒரு மாற்றம் கண்ணில் பட்டிருக்கும். சிறப்புக் கட்டுரைகளின் தலைப்புகளைத் தடித்த, நெருக்கமான, நிமிர்ந்து நிற்கும் எழுத்தில் கொடுத்திருக்கிறோம். ஆலைச் சுவரிலும் சரக்குப் பெட்டியிலும் பார்த்துப் பழகிய கனத்த எழுத்து அது. அதை ஏன் கொண்டுவந்தோம், எந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டோம் என்பதை உங்களோடு பகிர்ந்துகொள்ள ஆசை.

இந்த வகை எழுத்து பிறந்தது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இங்கிலாந்தில். அதுவரை அச்செழுத்து பெரும்பாலும் புத்தகத்தைக் கையில் வைத்துப் படிப்பவருக்காகவே வார்க்கப்பட்டது. ஆலைகள் பெருகின, நகரங்கள் வீங்கின, சரக்குக்கும் நாடகத்துக்கும் லாட்டரிச் சீட்டுக்கும் தெருச் சுவரிலேயே ஆள் பிடிக்க வேண்டியதாயிற்று. நடந்துபோகிறவரை நிறுத்திப் படிக்கவைக்கும் எழுத்து தேவைப்பட்டது. லண்டன் வார்ப்பகங்கள் கோடுகளைப் பருக்க வைத்தன. 1816இல் காஸ்லன் வார்ப்பகத்தின் மாதிரிப் புத்தகத்தில், முனைகளில் குறுக்குக்கோடு இல்லாத லத்தீன் அச்செழுத்து முதன்முதலாக விற்பனைக்கு வந்தது.

சுவரொட்டிக்கு வேண்டிய அளவில் ஈயத்தில் வார்த்தால் எடையும் தாங்காது, விலையும் கட்டாது. நியூயார்க்கைச் சேர்ந்த டேரியஸ் வெல்ஸ் 1827இல் மரத்தில் எழுத்து குடையும் எந்திரத்தைக் கொண்டுவந்ததும் அந்தத் தடை நீங்கியது. மேப்பிள் மரத்தின் குறுக்குவெட்டு முகத்தில் குடைந்த எழுத்துகள் அச்சு எந்திரத்தின் அழுத்தத்தை நெடுங்காலம் தாங்கின. விஸ்கான்சின் மாநிலத்தின் டூ ரிவர்ஸ் ஊரில் 1880இல் தொடங்கிய ஹாமில்டன் நிறுவனம் இந்தத் தொழிலில் முன்னணிக்கு வந்தது. அந்த மர எழுத்துகளுக்கென்றே இன்று அவ்வூரில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் பொறியாளர்களும் இதில் இறங்கினார்கள். ஜெர்மனியின் தரநிர்ணய எழுத்தான டின் 1451 1936இல் வெளியானது. எங்கே, யார் எழுதினாலும் ஒரே மாதிரி வர வேண்டும் என்பதற்காகக் கட்டம் போட்டு வரைந்த எழுத்து. சாலைப் பலகைகளில் இடம்பிடித்தது. 1965இல் ஷெஃபீல்டின் ஸ்டீபன்சன் பிளேக் வார்ப்பகம் ஜெஃப்ரி லீ வடிவமைத்த ‘இம்பாக்ட்’ எழுத்தை வெளியிட்டது. பிற்பாடு விண்டோஸ் கணினிகளோடு சேர்ந்தே வந்ததால், பெயர் தெரியாதவர்களுக்கும் அதன் முகம் தெரியும்.

இம்பாக்ட் எழுத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். நெட்டுக்கோடுகள் அவ்வளவு பருமன். உள்ளே இருக்கும் வெள்ளை வெறும் கீற்று. ஆனாலும் அந்தக் கீற்று எங்கும் அடைபடுவதில்லை. கிடைக்கோடுகளைச் சற்று மெலிதாக்கி, கோடுகள் கூடும் இடத்தில் கொஞ்சம் செதுக்கிவிட்டு, அந்த வெள்ளையைக் காப்பாற்றுகிறார்கள். கறுப்பைக் கூட்டுவது சுலபம். அதற்குள் வெள்ளையைக் காப்பதில்தான் வடிவமைப்பாளரின் திறமை இருக்கிறது.

தமிழில் இந்த வேலை இன்னும் கடினம். லத்தீன் பெரிய எழுத்துகள் செங்கல் அடுக்கியதுபோல ஒரே உயரத்தில் நின்றுவிடும். நம் எழுத்தில் கி, மீ ஆகியவற்றின் விலங்கு மேலே ஏறும். சு, பு ஆகியவற்றின் கால் கீழே இறங்கும். மூன்று சுழி ‘ண’வைக் கண்மூடித்தனமாகத் தடிக்கவைத்தால் சுழிகள் அடைத்துக்கொண்டு ‘ன’ போலத் தெரியும். புள்ளி மேல்வரியோடு ஒட்டிக்கொண்டால் மெய்யெழுத்தே மறைந்துபோகும். இதையெல்லாம் யோசித்து வரையப்பட்ட எழுத்துருக்கள் இப்போது நமக்கும் இருக்கின்றன. எக் டைப் குழுவினரின் ‘அனேக் தமிழ்’ மெலிவிலிருந்து தடிப்பு வரை, குறுகலிலிருந்து அகலம் வரை ஒரே குடும்பத்தில் தருகிறது, இலவசமாகவே கிடைக்கிறது. நீளமான சொற்கள் மிகுந்த நம் மொழிக்குக் குறுகலான வடிவம் பெரிய உதவி.

தூரத்திலிருந்து படிக்க வேண்டியதற்கும் சட்டென்று புரிய வேண்டியதற்கும்தான் இந்த எழுத்து. சுவரொட்டி, கடைப் பலகை, எச்சரிக்கைப் பலகை, விளையாட்டுச் சட்டையின் எண், நூல் அட்டை, இதழின் தலைப்பு ஆகியவற்றில் அது தன் வேலையைச் செய்யும். பத்தி பத்தியாகப் படிக்க வேண்டிய செய்திக்கோ, கவிதைக்கோ, அஞ்சலிக் குறிப்புக்கோ அது பொருந்தாது. அதனால் தலைப்போடு நிறுத்திக்கொண்டோம். உள்ளே பழைய எழுத்துதான். தலைப்பிலும் ஐந்தாறு சொற்களுக்கு மேல் வைக்கவில்லை. எல்லாமே தடித்திருந்தால் எதுவும் தனித்துத் தெரியாது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பள்ளி ஆண்டு விழாவுக்கோ கோயில் திருவிழாவுக்கோ பிளெக்ஸ் அடிக்கும்போது, இடம் போதவில்லை என்று எழுத்தைக் கணினியில் பக்கவாட்டில் அமுக்காதீர்கள். நெட்டுக்கோடு மெலிந்து எழுத்து நோஞ்சானாகிவிடும். குறுகலாகவே வரையப்பட்ட எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள், அல்லது சொற்களைக் குறையுங்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு படி எடுத்துச் சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று வீட்டுப் பெரியவர் ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறாமல் படித்துவிட்டால் தைரியமாக அச்சுக்குக் கொடுக்கலாம்.

எங்கள் புதிய தலைப்புகளையும் அதே கண்ணோடு பார்த்து, எங்காவது சுழி அடைத்திருந்தால் தயங்காமல் எழுதுங்கள். திருத்திக்கொள்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்